பொருள் ஒன்று, உருண்டையானது

எங்கள் பந்தை அவர்கள் பிடித்துவைத்தது
ஆவணியில் ஒரு பின்னேரம், ஐந்தேகால் மணிக்கு.
திருக்கடலூர்க் கரையில் றிஸ்வி அடித்த மூலையுதை
காற்றில் ஏறி, முள்ளுக்கம்பிக்கு மேலால்
கடற்படைக் காணிக்குள் விழுந்தது.
அங்கே மேய்ந்த மான்
ஒருமுறை திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான்.

வாசலில் பெரிய கொப்பி விரித்தார்கள்.
பொருள் ஒன்று, உருண்டையானது, வெள்ளை.
சொந்தக்காரர் யார்? அடையாள அட்டை இலக்கம்?
உள்ளே வந்த காரணம்?
டெஸ்மன் நல்ல சிங்களத்தில் சொன்னான்:
காற்று, சேர்.
அதையும் எழுதிக்கொண்டார்கள்.

பதினொரு கிழமை.
கிழிந்த வலையைச் சுருட்டிக் கட்டி விளையாடினோம்.
அது துள்ளாது.
மூதூர்ப் பெடியள் வந்து பார்த்துச் சிரித்தார்கள்.

திரும்பிவந்த பந்தில் ஒரு சாண் நீள வெட்டு.
உள்ளே என்ன இருக்கிறதென்று தேடியிருக்கிறார்கள்,
காற்றுத்தான் இருந்திருக்கும்.
பிறகு யாரோ குந்தியிருந்து
சப்பாத்து நூலால் பதினேழு தையல்,
புது ரியூப்பும் போட்டு.

அன்றிலிருந்து அது நேரே போனதில்லை.
இடப்பக்கம் வளைவதுபோல் காட்டி
வலப்பக்கம் நழுவும்.
அந்தப் பந்தோடு நாலு ஊரை வென்றோம்.

யுத்தநிறுத்த வருடம்
கடற்படை அணியோடு சிநேகபூர்வ ஆட்டம்.
அவர்களின் கோல்காப்பாளன் ஒல்லிப் பெடியன்.
ஆறு உதை, ஆறும் பிடித்தான்.
பந்து வளைய முன்னமே அங்கே நின்றான்.
ஒவ்வொருமுறையும் திருப்பி அடிக்கமுன்
பெருவிரலால் தையலைத் தடவினான்.

ஒன்றுக்குப் பூச்சியம், தோற்றோம்.
கைகொடுக்கும்போது டெஸ்மன் கேட்டான்:
வெட்டினதும் நீயா?
சனத்தின் இரைச்சலில் அவனுக்கு விளங்கவில்லை.
விளங்கின மாதிரியும் இருந்தது.