பொடி எழுத்து

தொட்டியின் அடிவயிற்றில் ஊசிமுனை ஓட்டை.
தண்ணீரை வடித்துவிடு என்று
இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தது
மேலே ஒட்டிய மஞ்சள் தாள்.
டவுனோ இப்போதுதான் படிக்கிறான்.

தண்டர் பே. நவம்பர். கராஜ் கதவடியில் பனி.
ரம்ப மேசையில் மூன்று விலைத்தாள்கள்.
அறுபது கேலன் என்றால் புது மின்கம்பி இழுக்க வேண்டும்.
இருபது என்றால் சாண்டருக்கு மூச்சு வாங்கும்.
ஆணித் துப்பாக்கிக்கு ஆறே போதும்,
ஆறு கேலன் வாங்குகிற ஆளில்லை அவன்.

நான் ஆஸ்பத்திரியில் இரவுப்பணி.
பகலில் தூங்குகிறவள்.
விலையைப் பார்க்கவில்லை. கீழே பொடி எழுத்தில்
ஒன்றுக்கு எண்பத்தெட்டு டெசிபல்,
இன்னொன்றுக்கு அறுபது.
அறுபதில் விரலை வைத்தேன்.
பெருமூச்சு விட்டான்,
பழைய வால்வு மாதிரியே.

சனிக்கிழமை வந்து இறங்கியது.
ஞாயிறு பகல், தலையணையில் காது.
சுவர் அதிரவில்லை.
அலமாரியில் கோப்பைகள் பேசிக்கொள்ளவில்லை.
பத்து நிமிடம் பொறுத்தேன்.
பிறகு இரவுடைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு
பனியில் நடந்துபோய்
கராஜ் கதவைத் திறந்தேன்.

"என்ன பெர்னிஸ்?" என்றான், நிமிராமல்.

கார் டயரில் காற்று குறைவு என்றேன்.

"காலையில்தானே அடித்தேன்."