அடுத்த பதிப்பில்

பெருங்குடியில் ஆறாவது மாடி.
குப்பைமேடு எரிகிற நாட்களில்
ஜன்னலைத் திறக்காதீர்கள் என்று
மனிதவளத்திலிருந்து மின்னஞ்சல் வரும்.
இன்று வந்தது வேறு:
பதினொரு மணிக்கு எல்லோரும் பெரிய அறைக்கு.
சமோசா உண்டு.

சமோசா என்றாலே தெரிந்துவிடும்.
முதல் சமோசாவில்
சொந்தமாகப் போன் செய்யப் போகிறோம் என்றார்கள்.
இரண்டாவதில்
உயிர் மட்டும் நம்முடையது,
உடம்பை ஸ்ரீபெரும்புதூரில் யாராவது செய்துகொள்ளட்டும் என்றார்கள்.
இது மூன்றாவது.
ஞானராஜ் திரையில் ஒரு முக்கோணம் காட்டினார்.
உச்சியில் இருப்பவர்களுக்கு எங்கள் பெயர் தெரியாது.
அடியில் இருப்பவர்கள் எங்களைவிட மலிவு.
ஆகவே இனி
அடுத்தவர் போனுக்குள்
ஒரு விசைப்பலகையாக வாழ்வோம்.
"இது பின்வாங்கல் இல்லை, வியூகம்."
முடித்துவிட்டு
மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்த போனை எடுத்தார்.
அது எங்களுடையது இல்லை.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
நஸ்ரின் மட்டும்
புளிச்சட்னி வரவில்லையா என்று கேட்டாள்.

என் வேலை சொற்கள்.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
தவறிய அழைப்பா, தவறவிட்ட அழைப்பா என்று
ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம்,
குற்றம் கூப்பிட்டவருடையதா
எடுக்காதவருடையதா என்று.
பட்டனை அழுத்திப் பிடித்தால் போன் கேட்கும்:
அணைக்கவா?
நஸ்ரின் மேஜைமேல் விழுந்து சிரித்தாள்.
மாற்றச் சொன்னார்கள். மாற்றவில்லை.
நாள் முழுக்கக் கையிலிருந்த ஒன்று
ராத்திரியில் அப்படிக் கேட்டால்தான் என்ன.

சாயங்காலம் சோதனை அறையைக் காலி செய்தோம்.
முதுகில் எண் ஒட்டிய
இருநூற்றுச் சொச்சம் போன்கள்.
ரிச்சி தெருவிலிருந்து வந்த ஆள்
கிலோ கணக்கில் பேசினான்.
பெட்டியை மூடி டேப் ஒட்டிய பிறகு
உள்ளே ஓர் அலாரம் அடித்தது.
யாரோ எப்போதோ எதையோ சோதிக்க வைத்தது.
பிரிக்கப் போனேன்.
"தானா நிக்கும், விடுங்க மேடம்."
நின்றது.

எனக்கு வேலை போகவில்லை.
திங்கட்கிழமையிலிருந்து விசைப்பலகைக் குழு.
'அம்' என்று தட்டினால்
அம்மாவா, அம்பத்தூரா, அம்புட்டுதானா என்று
நான் முந்திக்கொண்டு ஊகிக்க வேண்டும்.

கந்தன்சாவடி தாண்டி ஷேர் ஆட்டோவில்தான் கவனித்தேன்.
கைப்பிடிக்கு மேல்
ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது
எங்கள் போன்.
மூலையில் கண்ணாடி நொறுங்கி
மேலே செல்லோ டேப்.
ஆபீசுக்கு வெளியே நான் பார்க்கிற முதல் ஒன்று.
"எப்படிண்ணே இருக்கு?"
"சூடாவும். மத்தபடி எல்லாம் தமிழ்ல கேக்கும்.
மூணு வருஷமா ஓடுது."

டைடல் பார்க் சிக்னலில்
போனுக்குச் சிக்னல் போனது.
இணைப்பு இலலை
என்று வந்தது திரையில்.
நடு லகரத்துக்குப் புள்ளி இல்லை.
என் பிழை. தெரியும்.
பிழைப்பட்டியலில் இருநூற்று ஏழாவது வரி.
அதற்கு எதிரே நானே எழுதியிருக்கிறேன்:
அடுத்த பதிப்பில் சரி செய்யப்படும்.

பச்சை விழுந்தது.
பின்னாலிருந்து ஹாரன்.
அவர் போனின் தலையில் இரண்டு தட்டு தட்டி
"வந்துரும், வந்துரும்" என்றார்,
அதனிடமா
என்னிடமா தெரியவில்லை.