கொழும்பு முட்டை வடை

டச்பே கடற்கரையில் நாலாவது வண்டி என்னுடையது,
விளக்குக் கம்பத்துக்கு இந்தப் பக்கம்.
இறால் வடை நூறு ரூபாய்.
கோது உரித்துத் தரச் சொன்னாலும் அதே நூறுதான்,
கொஞ்சம் முகம் சுளிப்பேன், அவ்வளவு.

முதுகில் பாதி வீட்டைச் சுமந்துகொண்டு
ஒருத்தி வந்து நின்றாள்.
எந்த நாடு என்றேன்.
"கொலம்பியா."
கொழும்போ? வெள்ளவத்தையா, தெமட்டகொடையா?
ராத்திரி ரயிலிலோ வந்தது?
சிரித்துச் சிரித்து மணலில் குந்திவிட்டாள்.
தீவில் இறங்கிய நாள்முதல் இதுதானாம்;
ஊரைச் சொன்னால் போதும்,
ஆட்டோக்காரர் ஸ்டேசனுக்குத் திருப்புகிறார்களாம்.

பெயர் யெசெனியா.
அவள் ஊரில் சூரியன் கடலுக்குள் விழும்.
எங்களுக்குக் கடலிலிருந்து எழும்பும்.
இதைச் சொல்லி முடிக்க
நாலு வடையும் இரண்டு பேரின் கைகளும் செலவாயின.
இறால் தலையையும் மென்றாள்.
அங்கேயே எனக்கு மரியாதை வந்துவிட்டது.

பக்கத்து வண்டியில் மாங்காய், உப்பு, மிளகாய்த்தூள்.
ஒரு கீற்றைக் கடித்துக் கண்ணை மூடினாள்.
பிறகு நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்:
இது எங்களுடையது.
எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.
மாங்காய்க்கு உப்பு போடக் கண்டுபிடித்தது
திருகோணமலை என்றல்லவா நினைத்திருந்தேன்.

பஸ்மியா அவித்த சோளன் விற்கிறவ.
அவவின் குண்டானுக்குள் எட்டிப் பார்த்தவள்
பத்துப் பொத்திகளை மொத்தமாக வாங்கினாள்,
அவவையும் சேர்த்து வாங்கினவள் மாதிரி
வீடு வரைக்கும் போனாள்.
அடுத்த நாள் பின்னேரம் இரண்டு பேரும்
ஐஸ்கிரீம் டப்பாவில் மா கொண்டு வந்தார்கள்.
கிரைண்டர் புகைந்ததாம். இருவருக்கும் அதில் பெருமை.

உள்ளங்கையில் தட்டி, என் எண்ணெயில் போட்டாள்.
இறால் மணக்கிற எண்ணெய்; அவள் பாட்டுக்குப் போட்டாள்.
பொங்கி வந்ததை எடுத்து, விளிம்பில் கீறி,
ஒரு முட்டையை உள்ளே ஊற்றி,
வாயை மாவால் அடைத்து, திரும்பவும் எண்ணெய்.
முதலாவது வெடித்தது.
இரண்டாவது மஞ்சள் கருவை அகப்பை முழுக்கக் கக்கியது.
மூன்றாவதைப் போடுகையில்
மற்ற வண்டிக்காரர் வியாபாரத்தை விட்டு வந்து நின்றார்கள்.
நின்றது.

விளிம்பு மொறுமொறு, அதற்குள் சோளத்தின் இனிப்பு,
நடுவில் இளகின முட்டை.
முட்டையப்பத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி,
ரொம்பத் தூரத்தில் கட்டிக் கொடுத்தது.

பேர் என்ன என்றான் ஆட்டோ தேவானந்தன்.
"அரெப்பா."
"அரை அப்பாவோ? மற்றப் பாதி எங்க?"
எல்லோரும் சிரித்தோம்.
பஸ்மியாவின் மகன் இல்ஹாம், ஒன்பது வயது,
வாய் நிறைய வைத்துக்கொண்டு சொன்னான்:
"எங்கட வாப்பாவும் அரைதான். கட்டார்ல.
ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா
ரெண்டு மாசம்."

கணக்குப் பிழை என்று ஒருத்தரும் சொல்லவில்லை.
பஸ்மியா குண்டானின் மூடியைத் திறந்து
ஆவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.
யெசெனியாவுக்குப் பாஷை விளங்கவில்லை,
அடுத்ததைப் பொரித்து
அவனிடமே நீட்டினாள்.

கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
வழக்கம்போல வந்து
வடை சுற்றின தாளைப் பறித்துத் தின்றது.
யாரோ பிள்ளையின் கொப்பித் தாள், பத்துக்கு நாலு.

மறுநாள் அறுகம்பே பஸ்சில் போய்விட்டாள்.
நான் ஒரு பலகை எழுதக் கொடுத்தேன்.
கொலம்பியா என்று மூன்று தரம் சொன்னேன்.
குணசீலன் எழுதிக் கொண்டுவந்தது
கொழும்பு முட்டை வடை.
சிவப்பெழுத்து, மஞ்சள் நிழல், காசும் கொடுத்தாச்சு.

லீவு நாளில் வருகிற கொழும்பு ஆட்கள்
பலகையை வாசித்து நிற்பார்கள்.
அண்ணை, எங்கட பக்கம் இப்படி ஒன்றும் இல்லையே.
நீங்கள் போகாத பக்கம், என்பேன்.
நூற்றைம்பது ரூபாய்.
சூடு, பார்த்துக் கடியுங்கோ.