எழுநூறு எழுத்து

மண்டபத்திலிருந்து கடல்
முதல் பஸ்ஸில் வந்து இறங்கியது,
மாட்டுத்தாவணியில், காலை ஒன்பது இருபதுக்கு.
தெர்மகோல் பெட்டி. பழுப்பு டேப் ஆறு சுற்று.
மேலே ஸ்கெட்ச் பேனாவில்:
"நம்புவள்ளி. மூணாவது வரிசை. சாகுது."
கண்டக்டர் லக்கேஜுக்கு நாற்பது ரூபாய் வாங்கியிருந்தார்.
"ஒழுகுதும்மா, மீனா?"
மீனில்லை என்றேன்.
வேறென்ன என்று சொல்லி முடிக்க
நாகமலை புதுக்கோட்டை பஸ் நிற்கவில்லை.

முப்பது சிப்பி. பதினொன்று வாய் பிளந்து கிடந்தன.
வெங்காயத்துக்கே யோசிக்கும் வீட்டில் பிறந்த கை
மூட்டில் கத்தியை நுழைத்து ஒரு திருகு திருகும்;
எட்டு வருஷத்தில் அது பழகிய ஒரே அசைவம்.
சதை தண்ணீராய் இளைத்து
அடியில் ஓட்டின் வெள்ளை தெரிந்தது.
செவுளில் ஒரு துண்டு, அருகில் ஒரு துண்டு,
குழம்பு மருந்தில் போட்டு
இருட்டில் ஏழு நாள்.

ஏழு நாளும் அவள் கூப்பிட்டாள்.
"இன்னைக்கு அறுவது போச்சு."
"இன்னைக்கு எண்பத்தி ரெண்டு."
"இன்னைக்கு எண்ணல."

எட்டாம் நாள் அயோடின் ஒரு சொட்டு.
நுண்ணோக்கிக்குள் நீலக்கருப்பாய் உருண்டை உருண்டை,
நாவல்பழம் கொட்டிய சிமெண்ட் தரை.
இருக்கிறது. சரி.
யார் என்று அதில் தெரியாது.
அண்ணனும் தம்பியும் ஒரே உருண்டை.
ஒருவன் கொல்வான்,
ஒருவன் வாடகைக்கு இருந்துவிட்டுப் போவான்.

ஆகவே உடைத்து, கழுவி, சுழற்றி,
நூலை மட்டும் பிரித்து
சூடாக்கி ஆறவைத்து சூடாக்கி, முப்பத்தைந்து தடவை.
இருபத்தெட்டில் கரண்ட் போனது.
பல்கலை நகர் முழுக்க விசிறி நின்ற அமைதியில்
யூபிஎஸ் நான்கு நிமிடம் கூவிவிட்டு
அதுவும் படுத்தது.

மறுபடி ஓட்டியதில்
எல்லாக் குழியிலும் பட்டை மின்னியது,
வெறும் தண்ணீர் விட்ட கடைசிக் குழியிலும்.
தண்ணீருக்கு நோய் என்றால்
நோய் என் கையில்.
பிப்பெட், பெஞ்ச், பிரிட்ஜ் கைப்பிடி
எல்லாவற்றையும் பிளீச்சிங் போட்டுத் தேய்த்தேன்.
"தீபாவளி வந்துருச்சா மேடம்?" என்றான் இசக்கிராஜா.
அவனையும் தேய்த்திருப்பேன்.

மூன்றாம் தடவை தண்ணீர் தண்ணீராக இருந்தது.
மற்றவை எழுநூறில் நின்றன,
கொடியில் ஒரே மட்டத்தில் காயும் வேட்டிகள்.

எழுத்து நான்குதான்.
மாற்றி மாற்றி எழுநூறு இடத்தில்.
ஹைதராபாத்திலிருந்து வரிசை மெயிலில் வந்த இரவு
ஏற்கெனவே பெயர் வைத்தவற்றின் பக்கத்தில்
இதை வைத்துப் பார்த்தேன்.
கிளி, கிழி:
எங்கள் ஊர் வாய்க்கு இரண்டும் ஒன்று.
எழுதிக் காட்டினால்தான்
எது பறக்கும், எது நோகும் என்று புரியும்.
முந்நூற்றுப் பன்னிரண்டில் தம்பிக்கு டி.
இதற்கு சி.
நானூற்று ஐந்தில் இன்னொன்று.
கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி எண்ணினேன்.
அண்ணன்தான்.

"பேரு என்ன?"
"பெர்கின்சஸ்."
"வெளியூர்க்காரனா? எப்ப வந்தான்?"
"தெரியலம்மா. விதைச் சிப்பியோட வந்திருக்கலாம்.
எப்பவுமே அங்கயே இருந்திருக்கலாம்."
"மருந்து?"
நாகமலையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது,
ஜன்னல் வழியாக அதைப் பார்த்தபடி சொன்னேன்:
"கிடையாது. தண்ணி சூடாகுறதுக்கு முன்னாடி
தேறினத எடுத்து வித்துருங்க.
அடுத்த தடவ நெருக்கிக் கட்டாதீங்க."
"திங்கலாமா?"
"மனுஷனுக்கு ஒண்ணும் செய்யாது."
"குழுக்கடன் மனுஷனுக்கு இல்லையா?" என்றாள்.
சிரித்தாளா, அவள் பக்கம் காற்றா, பிடிபடவில்லை.

பிறகு, பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னாள்.
பேனா உரசுவது கேட்டது.
எந்த நோட்டு என்று கேட்கவில்லை,
வரவு செலவு நோட்டாகத்தான் இருக்கும்.
"பெட்டிய அனுப்பிருங்க மேடம். அது எம்பது ரூவா."

கழுவியபோது மூலையில் ஒரு பிடி மணல் இருந்தது.
அதை அப்படியே விட்டு மூடினேன்.
பாலத்தின் கீழே வைகையில்
மாடு நின்று புல் மேய்ந்தது.
மாட்டுத்தாவணியில் அதே கண்டக்டர்
பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.
"உள்ள என்னம்மா?"
"காலி."
"காலிக்கும் நாப்பதுதான்."