இரண்டாம் சரணத்தில் ஒரு நிறப்பிழை

பிப்ரவரியில் போனவிஸ்டா பக்கம்
கச்சேரி என்றால் முதலில் பனி வாருவது.
டபுள் பேஸ் பின்சீட்டில் குறுக்கே படுத்துக்கொள்ளும்,
அதன் கழுத்து என் மகன் எமெட்டின் மடியில்.
கிதாருக்கு முன்சீட், ஹீட்டர் பக்கம்.
நான் மிச்ச இடுக்கில்.
அக்கா வேர்னா ஓட்டுவாள்.
எப்போதும் அவள்தான் ஓட்டுவாள்.
பள்ளிப் பேருந்து ஓட்டிப் பிழைப்பவள் நான் என்பது
அந்தக் காரில் செல்லாது.

படைவீரர் மன்றத்தில் முப்பத்தொரு பேர்.
பதினோரு பேர் உறவு,
நான்கு பேர் இன்று பிங்கோ இல்லை என்று தெரியாமல் வந்தவர்கள்.
வசூலுக்கு, உப்பிறைச்சி வந்த வெள்ளை வாளி.
எவ்வளவு கழுவினாலும் நோட்டுகளில் வாடை ஏறிவிடும்.
செல்பி பகலில் குழாய் ரிப்பேர், இரவில் டிரம்ஸ்.
மன்றத் தலைவருக்குத் தலைவலியாம்,
குச்சியை வைத்துவிட்டு பிரஷ்ஷால் தடவுகிறான்
கோபித்த பூனையைத் தடவுவதுபோல.
அத்தான் கிளேட்டனின் அக்கார்டியன்
எங்கே இடைவெளி கிடைத்தாலும் புகுந்துவிடும்.
மௌனம் வந்தால் யாரோ மறந்துவிட்டார்கள் என்று
அவருக்கு நினைப்பு.

மூன்றாம் பாட்டின் நடுவே குலுக்கல்.
"மஞ்சள் சீட்டு, நானூற்றுப் பன்னிரண்டு!"
நான் ஒரே கார்டைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டு நிற்க
செல்பி எழுந்து போய்
உறைந்த வான்கோழியோடு திரும்பி வந்தான்.
மிச்சக் கச்சேரி முழுக்க
அது டிரம்முக்குப் பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்தது.

ஆறாவதாகத்தான் அந்தப் பாட்டு.
எட்டு வருஷத்துக்கு முன் ஒரே இரவில் எழுதியது.
என்னைக் கேட்காமல் ஒருத்தன்
பச்சைப் படகை விற்றுவிட்டான் என்று வரும்.
ஊருக்கே தெரியும், அது என் முதல் புருஷன் லியோ.
லியோவுக்கும் தெரியும்.
பார் ஓரம் நின்று, பல்லவி வரும்போதெல்லாம்
கிளாஸை உயர்த்துவான், பட்டம் வாங்கியவன்போல.
படகு என்ன,
ஒரு துடுப்புகூட அவனிடம் இருந்ததில்லை.

படகு அப்பாவுடையது.
விற்றது ஒருத்தன் இல்லை, ஒருத்தி.
'அவன்' என்று வரும் ஒவ்வோர் இடத்திலும்
எனக்கு இடப்பக்கம், அதே மைக்கில்,
என் குரலுக்கு மூன்றாம் சுரம் மேலே
கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருக்கிறாள்.
எழுதியது அவளைத் தைக்கத்தான்.
பாடக் கூப்பிட்டபோது தெரிந்துவிடுமோ என்று பயந்தேன்.
பிறகு, தெரியவில்லையே என்று கோபம்.
பிறகு, அவள் சேர்ந்தால்தான் பாட்டு நிற்கிறது என்பதால்
வாயை மூடிக்கொண்டேன்,
பாடுகிற நேரம் தவிர.

போன வெள்ளி, திரும்பும் வழி.
கண்ணாடியில் பனி. வைப்பர்.
பேஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டு எமெட் தூக்கம்.
வேர்னா சாலையைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்:
"ரெண்டாம் சரணத்தில் பச்சை என்று பாடுகிறாய்.
விற்கும்போது அது நீலம்.
வாங்க வந்தவன் பச்சை ஆகாது என்றான்.
ரெண்டு நாள் நானே சுரண்டி, நானே அடித்தேன்.
அப்பாவை அடக்கம் செய்ததில் மூவாயிரம் பாக்கி.
நீ அப்போது ஆல்பர்ட்டாவில்."
அப்புறம், மூஸ் எதுவும் குறுக்கே வருகிறதா பார் என்றாள்.
பார்த்தேன்.
வீடு வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.

இந்த வெள்ளியும் அதே மன்றம், அதே வாளி.
நீலம் என்று பாடினேன்.
லியோவின் கிளாஸ் பாதி உயரத்தில் நின்றது,
தன் வாழ்க்கையில் எங்கே நீலம் வந்தது என்று தேடுகிறான்.
எமெட் ஒரு சுரம் தவறவிட்டான்.
இடப்பக்கம், மூன்றாம் சுரம் மேலே,
எட்டு வருஷத்தில் முதல்முறை யாரும் இல்லை.
மைக்கில் மூச்சு மட்டும்.

நான் காத்திருந்திருப்பேன்.
கிளேட்டன் விட்டால்தானே.