சங்கிலிக் கொம்பு

பதினோரு வருடம் மருந்துக்கடை கவுண்டர்,
புரசைவாக்கம்.
டாக்டர் கையெழுத்தையே படித்தவளுக்கு
கம்ப்யூட்டர் எழுத்து வராதா என்றுதான்
விண்ணப்பம் போட்டேன்.

ரிச்சி தெருவில் பழைய லேப்டாப்,
பேரம் பேசி பதினாலாயிரம்.
ஸ்பேஸ் பட்டனை மட்டும் ஓங்கித் தட்டவேண்டும்,
கண்டக்டர் பஸ்ஸின் விலாவைத் தட்டுவதுபோல.

முதல் வாரம்
'கிட்' என்றார்கள்.
கிட்டவே இல்லை.
கிளை பிரித்துக்கொள் என்றார்கள்.
எனக்குத் தெரிந்த ஒரே கிளை
பேங்க்கின் பட்டாளம் கிளை.
உதவித்தொகை வாங்கக் கணக்குத் திறக்க
அங்கேதான் போய் நின்றேன்.

'கம்பெனி பேரு?'
'கம்பெனி இல்ல மேடம். ஓப்பன் சோர்ஸ்.
யார் வேணா எழுதலாம், யார் வேணா எடுத்துக்கலாம்.'
'ஃப்ரீயாவா?'
'ஃப்ரீதான்.'
'அப்புறம் உங்களுக்கு மட்டும் எதுக்குக் காசு?'

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பது
எப்படியிருக்கும் என்று
அன்றைக்குத் தெரிந்தது.

ராத்திரி, ஓட்டேரி மாடி அறை.
ஜன்னலைத் திறந்தால் கால்வாய் நாற்றம்,
மூடினால் லேப்டாப்பின் மூச்சு.
திரை முழுக்கச் சிவப்பு வரிகள்.
ஒரு கேள்வியை எழுதுகிறேன், அழிக்கிறேன்.
இங்கிலீஷ் சரியா என்று பார்த்து
மறுபடி எழுதுகிறேன்.
எல்லாமே திறந்து கிடக்கும் இடத்தில்
என் தெரியாமையும் திறந்து கிடக்கும்,
யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியில் அனுப்பிவிட்டேன்.

எனக்கென்று ஒதுக்கியிருந்தவள் அச்சியெங்,
கென்யாக்காரி, என்னைவிட எட்டு வயது சின்னவள்.
பதில் வந்தது:
'எனக்கும் தெரியாது. வா, தேடுவோம்.'

இரண்டு தடவை படித்தேன்.
கடையில் ஒருநாளும்
தெரியாது என்று நான் சொன்னதில்லை.
இல்லாத மாத்திரைக்குக்கூட
'நாளைக்கு வந்துரும்' என்பேன்.

யாரும் தொடாமல் கிடந்த பிழைகளில்
ஒன்றின் முகம் தெரிந்த முகம்.
மாத்திரைக் கவரில் ஒட்டும் சீட்டில்
'மாலை' என்று அடித்தால்
சங்கிலிக் கொம்பு லகரத்தை விட்டு ஓடிப்போய்
ஆளில்லாத ஒரு புள்ளி வட்டத்தைத்
தூக்கிக்கொண்டு நிற்கும்.
காலையும் மாலையும்
கால, மால என்று நொண்டும்.
பேனாவால் எத்தனை ஆயிரம் தடவை
திருத்திக் கொடுத்திருப்பேன்!
அது ஓதம் ஏறிய சுவர் மாதிரி,
அப்படித்தான் இருக்கும் என்றிருந்தேன்.
அதற்கும் ஓர் ஊர் இருக்கிறது,
ஒரு ஃபைல், ஒரு வரி எண்,
போய்க் கதவைத் தட்டலாம் என்று
யாரும் சொல்லவில்லை.

ஒன்பது நாள். நாலே வரி.
ராத்திரி இரண்டு பத்துக்கு ஏற்றுக்கொண்டார்கள்.
கீழே என் பெயர், ஜெசிந்தா மிக்கேல்.
நான் அடித்த ரசீது ஒன்றிலும்
இருந்திராத பெயர்.

கத்திச் சொல்ல ஆளில்லை.
கீழ்வீட்டுக்காரர் போட்ட மோட்டார்
தொட்டி நிரம்பி வழிந்தும் ஓடிக்கொண்டிருந்தது.
இறங்கிப்போய் நிறுத்திவிட்டு
வந்து படுத்தேன்.

விடிந்தால், திருச்சூரிலிருந்து ஒரு பிஜோய்,
தனக்குத் தெரிந்த தமிழில்:
'சேச்சி, உங்க திருத்தத்துல
எங்க கை ஒடிஞ்சு போச்சு.'

கிரேப் பேண்டேஜ் எந்தத் தட்டில் என்று
அரை நொடி யோசித்துவிட்டேன்.
அப்புறம்தான் உறைத்தது.
கை. வெறும் சொல்.
அவர்கள் எழுத்திலும்
முன்னால் வந்து நிற்கிற ஒரு கொம்பு உண்டு.
என்னுடையதை நேராக்கிய வேகத்தில்
அதை முறித்திருக்கிறேன்.

'ஸாரி' என்று அடித்தேன். அழித்தேன்.
'ரொம்ப ஸாரி, நான் புதுசு' என்று அடித்தேன்.
அதையும் அழித்தேன்.

காபி ஆறிக்கொண்டிருந்தது.
ஸ்பேஸ் பட்டனை ஓங்கி ஒரு தட்டு.

'இன்னைக்குப் பார்க்கிறேன்.
ஒடிஞ்ச கையை
ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.'