குறிப்பேட்டில் ஏறாதவை

லெசோத்தோ மலையில், கம்பளி வெட்டும் கொட்டகையில்,
போன பருவத்து மூட்டைகள் மேல் உட்கார்ந்து
கூட்டம் நடத்தினோம். ஆட்டு மொச்சை.
ஆறு பேர். ஐவர் பெண்கள்.
மிச்சம் ஒருவர் ஒலிபெருக்கிக்காரர் பூஃபொலோ;
வாடகை படிந்ததும் எழுந்து போய்விட்டார்.
எழுதும் பொறுப்பு எனக்கு.

எழுதினேன்:
முதியோர் எழுத்தறிவு இயக்கம், தொடக்க விழா, சனிக்கிழமை.
பந்தல் வேண்டாம், கொட்டகை போதும்.
கிடா ஒன்று. நான்கு மூட்டை சோள மாவு. கீரை.
ஊர்த் தலைவர் பேச்சு பத்து நிமிடம்
(அரை மணி என்று வைத்துக்கொள்ளவும்).

எழுதாதது:
இந்த ஊரில் படித்தவர்கள் பெண்கள்தான்.
ஆடு மேய்க்கப் பையன்கள் வேண்டியிருந்தது;
பள்ளிக்கூடத்துக்கு மிஞ்சியது நாங்கள்.
என் அண்ணன் கவுஹெலோ
ஏழு வயதில் போர்வையைப் போர்த்திக்கொண்டு மலையேறினான்.
அதற்கு அடுத்த வாரம் எனக்குச் சீருடை தைத்தார்கள்.

துண்டறிக்கை அடிப்போமா என்றாள் மாலினெயோ.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு எல்லோரும் சிரித்தோம், அவளும்தான்.
மலைக்கு மலை கூவிச் சொல்வது என்று முடிவாயிற்று.

முன்வரிசை யாருக்கு என்பதில் சிக்கல்.
படிக்க வருகிறவர்களுக்கு என்றாள் மாபுலே.
முன்னால் உட்கார்ந்தால்
இன்னாருக்கு எழுத்து தெரியாது என்பது வெட்டவெளிச்சம்.
ஊருக்குத் தெரியாததா?
தெரியும்தான். தெரிந்ததை நாற்காலி போட்டுக் காட்டுவது வேறு.
நாற்காலியே வேண்டாம் என்று எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில்: செலவு.

பணம் தரும் மசேரு அலுவலகம் வருகைப் பதிவேடு கேட்கிறது.
பெயர், ஊர், கையொப்பம்.
கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு
மைப்பெட்டி ஒன்று. நீலம்.

இரவு அண்ணனுக்குப் பட்டியலை வாசித்துக் காட்டினேன்.
கிடா சின்னது என்றான்.
மாவு விலையை மனசுக்குள்ளேயே கூட்டி
எழுபது மலோட்டி அதிகம் போட்டிருக்கிறாய் என்றான்.
சரிபார்த்தேன். எழுபதுதான்.
மைப்பெட்டி என்றதும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

"சுரங்கத்தில் பதினோரு வருஷம்.
சம்பளத்துக்கு இந்த விரலை உருட்டினான்,
நெஞ்சுப் படம் எடுக்க உருட்டினான்,
வேலையை விட்டு நிறுத்தவும் உருட்டினான்.
என்ன தாள் என்று ஒருத்தனும் சொல்லவில்லை.
அதை மேசைமேல் பார்த்தால்
வாசலோடு திரும்பிவிடுவேன்.
நான் மட்டும் இல்லை."

மைப்பெட்டியை அடித்தேன்.
அலுவலகத்துக்கு என்ன சொல்வது என்று
விளக்கு தீரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கூட்டத்தில் கேட்டேன்:
ஆட்டுக் காதில் குறி வெட்டுகிறார்களே,
இருநூறு ஆட்டுக்கு நடுவில் தன் ஆட்டை
எட்ட நின்றே கண்டுபிடிக்கிறார்களே,
அந்தக் குறியை வரைந்துவிட்டுப் போகட்டுமே?
மாபுலே பென்சிலை வாங்கி
தன் வீட்டுக்காரர் குறியை வரைந்தாள்.
வலக்காது இடக்காதாகிவிட்டது.
ஆசிரியப் பயிற்சி முடித்தவள்.

அலுவலகம் ஒப்புமா, தெரியாது.
பதிவேட்டுக் கட்டமும் சின்னது,
ஒரு காதுக்குத்தான் இடம் இருக்கிறது.

பதாகை வந்துவிட்டது. எழுத்துப்பிழை இல்லை.
அண்ணன் அதை வெகுநேரம் பார்த்தான்.
தேதியை இன்னும் பெரிதாகப் போட்டிருக்கலாம்,
எண் எல்லோருக்கும் தெரியும் என்றான்.
நீ வருகிறாயா என்று நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.

இன்று காலை கொட்டகைத் தூணில் ஒரு கிடா கட்டியிருந்தது.
கட்டியவனைக் காணோம்.
காதைத் திருப்பிப் பார்த்தேன்:
வலதில் இரண்டு கொத்து, இடதில் நுனி இல்லை.

வரவில் ஏற்றினேன்:
கிடா ஒன்று. பெரியது.